இலக்கும் லைக்கும்

காஞ்சிபுரத்தில் இன்றைய தேதிக்கு சாஃப்ட்வேர் இளைஞர்கள் இரண்டு கட்சி. லிங்க்ட்இனில் தன் இலக்கை எழுதியவர்கள் ஒரு கட்சி. அதற்குக் கீழே 'கங்கிராட்ஸ் ப்ரோ' என்று எழுதியவர்கள் இன்னொரு கட்சி. மாதத்துக்கு ஒரு தடவை கட்சி மாறிக்கொள்வார்கள். எந்தக் கட்சியிலும் டெபாசிட் போவதில்லை.

நான் இரண்டிலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு மாதச் சம்பளம் இல்லாமல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கட்சியையும் வேடிக்கை பார்ப்பதற்குக் காசு வாங்குகிற ஆசாமி.

இலக்கு என்றால் லேசுப்பட்ட இலக்கு இல்லை ஸார். 'இந்த வருஷம் என் 7 இலக்குகள்' என்று நம்பர் போட்டு வரும். ஒன்று, ஏ.ஐ. கற்பது. இரண்டு, கிளவுடில் ஒரு சர்டிஃபிகேட். மூன்று, டீம் லீடர். நான்கு, தினமும் காலை 5 மணிக்கு எழுந்திருப்பது. (5 மணிக்கு எழுந்து என்ன செய்யப் போகிறார் என்று ஐந்தாவது இலக்கில் தேடினால், அங்கே 'நன்றியுணர்வு' என்று இருக்கிறது.) ஒரு வரி எழுதுவார்கள், ஒரு வரி காலி விடுவார்கள். மறுபடி ஒரு வரி. தந்தி அடித்த காலத்தில்கூட ஜனங்கள் இப்படி எழுதியதில்லை. இத்தனைக்கும் அங்கே வார்த்தைக்கு வார்த்தை காசு!

இன்னொரு ரகம், பார்த்ததிலெல்லாம் பாடம் கற்கிற ரகம். 'காஞ்சிபுரம் இட்லி எனக்குக் கற்றுத்தந்த 5 தலைமைப் பண்புகள்' என்று ஒருத்தர். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் டீம் மெம்பர்களாம். அப்படியானால் பெருங்காயம் யார் என்று கேட்டேன். எச்.ஆர். என்றார். கொஞ்சமாக இருக்கிறவரை மணமாக இருக்குமாம். அதில் உண்மை இருப்பதாகத்தான் பட்டது.

இதைப் படிக்கிற அப்பாக்களுக்காகச் சின்ன விளக்கம். லிங்க்ட்இன் என்பது உங்கள் காலத்து எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சின் பேரன். நீங்கள் ப்ளஸ் டூ முடித்த கையோடு போய்ப் பதிந்துவிட்டு, 3 வருஷத்துக்கு ஒரு தடவை மறக்காமல் ரினியூ செய்துவிட்டு, கார்டு வரும் வரும் என்று போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதேதான். பேரன் 2003-ல் பிறந்தான். 2016-ல் மைக்ரோசாஃப்ட் அவனை 2,620 கோடி டாலருக்குத் தத்து எடுத்தது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் பேர் இருப்பது இந்தியாவில். 10 கோடியைத் தாண்டியாகிவிட்டது. ஒரே வித்தியாசம், தாத்தாவிடம் பதிந்தவர் வீட்டில் சும்மா இருந்தாலும் சீனியாரிட்டி ஏறும். பேரனிடம் சும்மா இருந்தால் இறங்கும்.

எங்கள் ஊர்ப் பையன்கள் இந்தப் பக்கம் போனதில் அதிசயமில்லை. சிறுசேரி சாஃப்ட்வேர் பூங்காவெல்லாம் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது சிறுசேரி அந்தப் பக்கம் போனது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளும் பட்டுத் தறிகளும் இந்தப் பக்கம் தங்கின. பாகப்பிரிவினையில் தம்பிக்கு ஏ.சி. ரூம், அண்ணனுக்குக் கூடம்.

அந்தக் கூடத்திலிருந்து கிளம்பிப் போன பையன் ஒருவன் எனக்குத் தெரிந்தவன். பிள்ளையார்பாளையம். அப்பா தறி நெய்கிறவர். பையன் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனி. திங்கள் முதல் வெள்ளிவரை ஹாஸ்டல், சனி ஞாயிறு வீடு. அவன் வேலை பார்த்த ப்ராஜெக்ட் முடிந்து இரண்டு மாதமாக 'பெஞ்ச்'சில் இருக்கிறான். பெஞ்ச் என்றால் சம்பளம் வரும், வேலை வராது. கேட்கச் சுகமாக இருக்கிறதல்லவா? இரண்டு மாதம் உட்கார்ந்து பாருங்கள். முகூர்த்தம் முடிந்தும் மண்டபத்தில் இருக்கிற விருந்தாளி மாதிரி, யாராவது நம்மைப் பார்த்தாலே 'எப்போ கிளம்பறீங்க?' என்று கேட்கிற மாதிரியே இருக்குமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"அண்ணா, நீங்க எழுதறவராச்சே. என் கேரியர் கோலைக் கொஞ்சம் பாலிஷ் பண்ணித் தரணும்."

"எதுக்குப்பா?"

"வாரத்துக்கு மூணு தடவையாவது போட்டாத்தான் அல்காரிதம் நம்மைக் கவனிக்கும்."

"எங்க ஊர்ல ஒருத்தர் 40 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வர்றார். 1979-ல வந்தார். அப்புறம் 2019-ல வந்து 48 நாள் இருந்தார். ஒரு கோடிப் பேருக்கு மேல வந்து பார்த்தாங்கன்னு கணக்கு சொன்னாங்க. இனிமே 2059-லதான். அவருக்கு எந்த அல்காரிதம்?"

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அண்ணா, அவர் அத்திவரதர். நான் அசோசியேட் இன்ஜினீயர்."

வாயை மூடிக்கொண்டேன். நியாயம் அவன் பக்கம்.

யோசித்துப் பார்த்தால், இந்த இலக்குப் பதிவுகளைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவற்றை எழுதுவது பெருமையில்லை, பயம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. நாம் செய்கிற வேலையில் ஒரு பங்கை அது முணுமுணுக்காமல் செய்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ்., தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாகச் சொன்னது. அதிலும் பெரும்பாலும் நடுத்தட்டிலும் மேல்தட்டிலும் இருக்கிறவர்கள். 'டி.சி.எஸ். மாப்பிள்ளை' என்றால் கவர்ன்மென்ட் மாப்பிள்ளைக்குச் சமம் என்று ஜாதகம் பார்த்த ஊர் இது. பையனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு 'வளர்ச்சி ஒரு பயணம்' என்று எழுதுகிறவன் நிஜத்தில் சொல்வது, 'நான் இங்கேதான் இருக்கிறேன், என்னை மறந்துவிடாதீர்கள்.' அவ்வளவுதான்.

பயம் நியாயமானது. மருந்துதான் தப்போ என்று எனக்குச் சந்தேகம்.

ஏனென்றால் இந்த இலக்குகளை அவன் உட்கார்ந்து யோசித்து எடுப்பதில்லை. சீஸனுக்கு எது ஓடுகிறதோ அது. எண்பதுகளில் நதியா வளையல், நதியா கம்மல் ஓடவில்லையா, அந்த மாதிரி. 2021-ல் உலகம் முழுக்க 'ராஜினாமா செய்' சீஸன். பையனின் சீனியர்களெல்லாம் இரட்டிப்புச் சம்பளத்துக்குத் தாவினார்கள். 2022-ல் 'சத்தமில்லாமல் விலகு' சீஸன். வேலையை விடாமலே விடுவது, சம்பளத்துக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் உழைப்பது. இது டிக்டாக்கில் பிரபலமானது. நம் நாட்டில் டிக்டாக்கை 2020-லேயே தடை செய்தாகிவிட்டது. இருந்தும் சரக்கு எப்படியோ வந்து சேர்ந்தது.

அதே 2022-ல் 'மூன்லைட்டிங்'. ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரியில் இன்னொரு கம்பெனிக்கு வேலை பார்ப்பது. விப்ரோ சேர்மன் ரிஷத் பிரேம்ஜி, இது ஏமாற்று வேலை என்று ஆகஸ்டில் பட்டவர்த்தனமாகச் சொன்னார். போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை பார்த்த 300 பேரை அனுப்பிவிட்டதாக அடுத்த மாதம் அறிவித்தார். எங்கள் தெருவில் இதைக் கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பகலில் வாத்தியார், சாயங்காலம் எல்.ஐ.சி. ஏஜென்ட், ஞாயிற்றுக்கிழமை மனை புரோக்கர் என்று இருப்பவர்களைத்தான் இவர்கள் 'கெட்டிக்காரர்' என்று சொல்லிப் பழக்கம்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். உடனே '70 மணி நேரம் என் இலக்கு' என்று ஒரு கோஷ்டி. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி சேர்மன் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். (என் வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். 'அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கருத்துக் கேட்டாங்களா?' என்று பதில் வந்தது.) இன்றைக்கு ஏ.ஐ. சீஸன். ஆக ஐந்து வருஷத்தில் ஒரே பையன் ராஜினாமா செய்யவும், விலகவும், இரண்டு வேலை பார்க்கவும், 70 மணி நேரம் உழைக்கவும் இலக்கு வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் லைக் வந்திருக்கிறது. பெரும்பாலும் அதே ஆட்களிடமிருந்து.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். 'கன்சர்வேடிசம்' என்று பேர். அரசியல் இல்லை, பயப்படாதீர்கள். வரப்போகிற லாபத்தை இன்றைக்குக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே ஒதுக்கி வை. அவ்வளவுதான் விதி. கடைக்காரர் தீபாவளிக்கு 5 லட்சம் விற்போம் என்று ஆடி மாதமே வரவு எழுதினால் ஆடிட்டர் அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிடுவார்.

லிங்க்ட்இனில் இந்த விதி தலைகீழ். இன்னும் படிக்காத படிப்பு, இன்னும் வராத பதவி, எல்லாம் வரவில் ஏறிவிடுகிறது. வேலை போனால் என்ன செய்வது என்கிற செலவுப் பக்கம் காலி. வரவு எழுதிய திருப்தியில் பையன் தூங்கப் போய்விடுகிறான். இது நான் கிண்டலுக்குச் சொல்வதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்று நியூயார்க் பல்கலைக்கழக மனோதத்துவப் பேராசிரியர். அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சட்டம் படிக்கிற மாணவர்கள் உள்ளிட்ட சிலரை வைத்துச் செய்த சிறிய பரிசோதனைகள்தான். 'நான் இன்னாராக ஆகப் போகிறேன்' என்கிற எண்ணத்தை வெளியே சொல்லி, அதை இன்னொருத்தர் கவனித்துவிட்டால், சொன்னவர் அதற்காக உழைப்பது குறைகிறதாம். ஆகாமலே ஆகிவிட்ட மாதிரி மனசு பாதி வயிறு நிரம்பிவிடுகிறது.

என் பாட்டி இதை வேறு மாதிரி சொல்வாள். 'நடக்கிறதுக்கு முந்தி யார்கிட்டயும் சொல்லாதேடா, கண்ணு பட்டுடும்.' அடுத்தவர் கண் என்று பாட்டி நினைத்தாள். நம் கண்ணே படும் என்கிறார் பேராசிரியர்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். கூடத்தில் தறிக்குழியில் கால் போட்டபடி அவன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். (நான் பேசப் பேச, பாலிஷ் போடுவது அவன் வீட்டுக்கு இடம் மாறியிருந்தது. அங்கே காபி நன்றாக இருக்கும்.)

"சரியாத்தான் சொல்றீங்க தம்பி" என்றார். "சொசைட்டியில பட்டும் ஜரிகையும் குடுப்பாங்க. நெய்ஞ்சு கொண்டுபோய் வெச்சாத்தான் கூலி. 'நல்லா நெய்யப் போறேன்'னு சொன்னா எவன் குடுப்பான்?"

கேஸ் ஜெயித்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு தம்பி. 30 வருஷமா நெய்யறேன். நான் நெய்ஞ்ச சேலையை யாரு கட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது. யாரு நெய்ஞ்சதுன்னு கட்டினவங்களுக்குத் தெரியாது. கடை பேரு மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். இவனாவது பேரு போட்டுக்கட்டுமே."

இதற்கு என் பி.காம். சிலபஸில் பதில் இல்லை.

அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடா போட்டு, வரிக்கு வரி கோர்த்துக்கொண்டே வர வேண்டும். மூன்று நாடா, கூட ஒரு ஆள். முந்திக்கு வேறு நிறம் என்றால் பாவையே மாற்றிப் பழைய இழையோடு புது இழையைப் பிணைக்க வேண்டும். அதற்குப் 'பேட்னி' என்று பேர். இத்தனை செய்தும் சேலையில் அவர் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாததால்தான் விசைத்தறியில் ஓட்டிய சேலையையும் 'காஞ்சிபுரம்' என்று சொல்லி விற்க முடிந்தது. 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவதற்கு. நெய்தவர் பெயர் அதிலும் இல்லை. வேலை தெரிந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்த ஒரு தலைமுறையின் கூலி என்ன ஆயிற்று என்று இந்த ஊரில் எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பேர் வெளியே தெரிய வேண்டும் என்று தவிக்கிறது. தப்பா?

தப்பில்லை. அப்படியானால் பேர் எப்படித் தெரிய வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும்? அதுதான் கேள்வி.

யாருக்கு என்பதற்கு ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்கிற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே ஒன்று சொன்னார். வேலை விஷயத்தில் நெருங்கிய சிநேகிதர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் உதவுகிறார்கள் என்று. காரணம் எளிது. நெருங்கியவனுக்கு உனக்குத் தெரிந்ததுதான் தெரியும். இரண்டு பேரும் ஒரே டீக்கடை, ஒரே வதந்தி. அரைகுறை அறிமுகக்காரன் வேறு டீக்கடை.

இதை லிங்க்ட்இன்காரர்களே ஹார்வர்ட், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட் ஆட்களோடு சேர்ந்து சோதித்தார்கள். 2015 முதல் 2019 வரை 5 வருஷம், 2 கோடிப் பேர். 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டுகிறதே ஒரு பட்டியல், அதை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். (அந்த 2 கோடிப் பேரிடம் சொல்லாமல்! அதற்காகத் திட்டும் வாங்கினார்கள்.) 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' பத்திரிகையில் முடிவு வந்தது. கிரனோவெட்டர் சொன்னது சரிதான், கொஞ்சம் திருத்தம். உயிர்த் தோழனும் பெரிதாகப் பயனில்லை, ஊர் பேர் தெரியாதவனும் பெரிதாகப் பயனில்லை. நடுவில் இருக்கிறவன்தான். கம்ப்யூட்டர் அதிகம் புழங்குகிற தொழில்களில் இது இன்னும் பலமாகத் தெரிந்தது.

நடுவில் இருப்பவன் யார்? பழைய ப்ராஜெக்டில் மூன்று மாதம் உங்களோடு இருந்துவிட்டு கோயம்புத்தூர் போனவர். செங்கல்பட்டு ரயிலில் எப்போதும் ஜன்னலோரம் உட்காருகிற டெஸ்டிங்காரர். காலேஜில் உங்களுக்கு இரண்டு வருஷம் சீனியர். இவர்கள் உங்கள் '7 இலக்குகள்' பதிவுக்கு லைக்கூடப் போடுவதில்லை. விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவர்கள் விரல் நிற்க வேண்டுமானால் அங்கே ஒரு சங்கதி இருக்க வேண்டும்.

எப்படி என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவன் ஒருவன். வயசு 21. 1991 ஆகஸ்ட் 25-ம் தேதி, கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கூடுகிற இடத்தில் ஒரு சின்னச் செய்தி போட்டான். ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துகொண்டிருக்கிறேன், சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிசாக எல்லாம் வராது, ஏப்ரலிலிருந்து செய்கிறேன், இப்போதிருப்பதில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, சொல்லுங்கள் என்று. பேர் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்தப் 'பெரிசாக வராதது'தான் லினக்ஸ். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது அதன் கருதான். உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து அதில்தான் ஓடுகின்றன.

அவனும் வெளியே சொன்னான், கவனியுங்கள். மறைத்து வைக்கவில்லை. ஆனால் 'உலகின் தலைசிறந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நிபுணராவது என் இலக்கு' என்று எழுதவில்லை. நாலு மாதம் வேலை செய்துவிட்டு, அந்த வேலை புரிகிற ஆட்களிடம் போய், ஒரு கேள்வி கேட்டான். லைக் வரவில்லை. பதில் வந்தது.

இதை வைத்துப் பையனுக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு இது. விருப்பமிருந்தால் நீங்களும் வாங்கிச் சாப்பிடலாம். பக்கவிளைவு இல்லை.

முதலில் 80 பக்க நோட்டு ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைப் பக்கம். இந்த வாரம் எது உடைந்திருந்தது, நான் என்ன செய்தேன், யாருக்கு அதனால் என்ன மிச்சம். 'டீம் வொர்க்', 'பேஷன்' என்ற வார்த்தைகளுக்குத் தடை. பெஞ்சில் இருந்தால் இந்த வாரம் எதைக் கழற்றிப் பார்த்தாய் என்று எழுது. ஒன்றும் எழுத முடியாத வெள்ளிக்கிழமைதான் உண்மையான எச்சரிக்கை மணி. அதை எந்த அல்காரிதமும் அடிக்காது.

இரண்டாவது, மாதத்துக்கு ஒரு முறை அந்த நோட்டிலிருந்து ஒன்றை எடுத்து வெளியே போடு. கம்பெனி ரகசியம், கிளையன்ட் பேர் எல்லாம் கத்தரித்துவிட்டு. கடைசியில் உனக்கு நிஜமாகவே தெரியாத ஒரு கேள்வி. 'அக்ரீ?' என்பது கேள்வியில் சேராது.

மூன்றாவது, அரைகுறையாகத் தெரிந்த 10 பேரைப் பட்டியல் போடு. வேலை கேட்காதே. 'நீங்க இப்ப என்ன பண்றீங்க, அங்க எதெல்லாம் கஷ்டம்?' என்று கேள். ஜனங்களுக்குத் தங்கள் கஷ்டத்தைச் சொல்வதைப் போல இஷ்டமான காரியம் இன்னொன்று கிடையாது. அதற்குள்ளேதான் காலி இடங்கள் ஒளிந்திருக்கும்.

நான்காவது பி.காம். மருந்து, கொஞ்சம் கசக்கும். வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே ஒதுக்கு. வீட்டுக் கடன் தவணையும் சேர்த்து 6 மாதச் செலவு பாங்கில் தனியாக இருக்கிறவரை புது பைக் கிடையாது. அந்த ஆறு மாதம் கையில் இருக்கிறவன் இன்டர்வியூவில் உட்காருகிற விதமே வேறு. நாற்காலியின் நுனியில் உட்கார மாட்டான்.

பையன் தலையாட்டினான். ஆனால் சந்தேகம் தீரவில்லை.

"அண்ணா, இதுக்கு லைக் குறைச்சலா வருமே?"

"வரும்."

"அப்ப மத்தவங்கல்லாம் முன்னாடி போற மாதிரி இருக்குமே?"

இதுதான் அசல் வியாதி. மற்றவன் இலக்கை அவன் சாதனையாகப் படித்துவிடுவது. அடுத்த வீட்டுக்காரரின் பட்ஜெட்டை அவருடைய பாங்க் பாஸ்புக் என்று நினைத்துக்கொண்டு நாம் ராத்திரி புரளுகிறோம். அவரும் மாடியில் புரண்டுகொண்டிருப்பது நமக்குத் தெரிவதில்லை.

எங்கள் பேச்சைக் கேட்டபடி நாடாவை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் தறியை நிறுத்தினார். "லைக்குன்னா என்ன தம்பி?"

"யாராவது பார்த்துட்டு 'நல்லா இருக்கு'ன்னு சொல்றது."

"பார்த்துட்டு வாங்காம போறவங்கதானே? எங்க காந்தி ரோட்டுக் கடையில தினம் 200 பேரு அப்படி வருவாங்க. பாவம், கடைப் பையனுங்க மடிச்சு மடிச்சுக் கை ஓஞ்சிடும்."

மூன்று வாரம் ஆயிற்று. பையன் பழைய ப்ராஜெக்டில் ராத்திரி ராத்திரி தடுக்கி விழுந்துகொண்டிருந்த ஒரு ரிப்போர்ட்டை எப்படிச் சரிசெய்தான் என்று 12 வரி எழுதிப் போட்டான். நான் ஒரு வார்த்தைகூட பாலிஷ் போடவில்லை. எனக்கு அதில் பாதி புரியவில்லை என்பதும் காரணம். லைக் மொத்தம் 11. அதில் நான் ஒன்று, அவன் தங்கை ஒன்று. ஆனால் கீழே ஓர் ஆள், எப்போதோ ஒரு தடவை கூட வேலை பார்த்தவர், 'இதே தொல்லை எங்களுக்கும் இருக்கு, ரெண்டாவது ஸ்டெப்ல நீ ஏன் அப்படிப் பண்ணினே?' என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் போனில் பேசியிருக்கிறார்கள்.

வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். இன்னும் இல்லை. பையன் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறான். வரவில் எழுத இன்னும் ஒன்றும் வரவில்லை. விதிப்படி நானும் எழுதவில்லை.

நோட்டில் மட்டும் மூன்றரைப் பக்கம் ஆகியிருக்கிறது.